எந்நேரமும் அழைக்கலாம்

லிஃப்ட்காரரின் போன் நம்பர் நாற்பத்து மூன்று லிஃப்டுகளில் ஒட்டியிருந்தது. ஒட்டியது வேறு யாருமல்ல, அவரேதான். பெரிய கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழிலைத் தனியாகத் தொடங்கிய புதிதில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கர் அடித்தார். ஒவ்வொரு லிஃப்டிலும் பொத்தான்களுக்கு மேலே, குட்டையானவரும் நெட்டையானவரும் கழுத்தைத் தூக்காமலும் தாழ்த்தாமலும் படிக்கிற உயரத்தில், கையாலேயே தடவித் தடவி ஒட்டினார். 'லிஃப்டில் பழுதா? எந்நேரமும் அழைக்கலாம்' என்று போட்டுக் கீழே நம்பர். 'எந்நேரமும்' மட்டும் சிவப்பு எழுத்து. "எல்லாமே கறுப்புல இருக்கட்டுமே" என்ற அச்சகக்காரரோடு சண்டை போட்டு வாங்கிய சிவப்பு அது.

முதல் வருஷம் போன் அடிக்கவே இல்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டு, அடுக்களையில் இருந்த மனைவியை ஒருதரம் அடிக்கச் சொல்லிப் பார்த்தார். நன்றாக அடித்தது. அதில் அவருக்கு இன்னும் துக்கமாகிவிட்டது.

அந்த வருஷத்துப் பயம் பதினோரு வருஷம் கழித்தும் அவரை விட்டுப் போகவில்லை. இப்போது போன் ஓய்வதே கிடையாது. லிஃப்டில் விளக்கு மினுக்கினால் கூப்பிட்டார்கள். காற்றாடி கிறீச்சிட்டால் கூப்பிட்டார்கள். நாயை ஏற்றலாமா என்று கேட்டார்கள். சாவி இடுக்கில் விழுந்துவிட்டது என்றார்கள். ஒருவர், தன் மனைவி கீழே இறங்கிவிட்டாளா இல்லையா என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்று இரண்டு தரம் சொல்லிவிடுவார். குளிக்கப் போனாலும் போன் ஒரு பிளாஸ்டிக் பையில் கூடவே போகும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவருக்கு அது குடைவது கூடப் பெருமையாக இருந்தது என்றால் என்ன செய்ய!

அவருடைய மனைவி ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தாள். எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கினால் அத்தோடு சரி, ராஜாவுக்கே தலைவலி என்றாலும் மறுநாள்தான். "கடைன்னு இருந்தா கதவுன்னு ஒண்ணு வேணும்" என்பாள். "எனக்குத்தான் கடையே இல்லையே, கதவுக்கு எங்க போக?" என்பார் இவர். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது.

கூட வேலை பார்த்தது மனைவியின் அண்ணன். அவர் வேலை பார்த்த ஆலையை மூடியபிறகு இவரோடு சேர்ந்துகொண்டவர். ஆளுக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். ஒரு திருகாணியைக் கழற்றினால் அதைச் சட்டைப்பையில் போட்டு, பையைத் தொட்டுப் பார்த்து, பிறகுதான் அடுத்த திருகாணிக்குப் போவார். மைத்துனர்மேல் பிரியம் இருந்தாலும், அவரிடம் போனைக் கொடுக்க மட்டும் லிஃப்ட்காரருக்கு மனசு வரவில்லை. "மச்சான் 'அலோ' சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் வேற ஆளைப் பார்த்துப் போயிருவான்" என்று எல்லார் முன்னாலும் கிண்டலடிப்பார். நிதானம் அதற்கும் நிதானமாகத்தான் சிரிப்பார்.

அந்த வியாழக்கிழமை, மழை பிடித்து ஆறாவது நாள். மழை வந்தால் லிஃப்டுகளுக்குச் சீக்கு வந்துவிடும். கீழ்ப்பள்ளத்தில் தண்ணீர் கட்டும், மின்தொடுப்புகளில் பச்சைக் களிம்பு பூக்கும். ஆறு நாளாக லிஃப்ட்காரர் படுக்கையில் முழுசாக நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலப் படுக்கவில்லை. டீயும் ரொட்டியுமாகவே ஓடிக்கொண்டிருந்தார். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டாற்போல இருந்தது. காலையில் நிதானத்தை ஒரு கட்டடத்தில் தண்ணீர் இறைக்க விட்டுவிட்டு, இவர் மஞ்சள் கட்டடத்துக்குப் போனார். ஆறு மாடி. லிஃப்ட் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது.

லிஃப்டின் சூட்சுமம் இதுதான்: ஒவ்வொரு மாடிக் கதவின் பூட்டிலும் ஒரு சின்ன மின்தொடுப்பு உண்டு. எல்லாக் கதவும் சாத்தியிருந்தால்தான் மின்சாரம் சங்கிலிபோலக் கடைசிவரை ஓடும், லிஃப்ட் நகரும். ஒரு கதவு திறந்திருந்தாலும் சங்கிலி அறுந்துவிடும், லிஃப்ட் நின்றுவிடும். எந்தக் கதவில் கோளாறு என்று கண்டுபிடிக்க மெக்கானிக் மொட்டைமாடி மிஷின் ரூமில் இருக்கும் பெட்டியைத் திறந்து, 'ஜம்பர்' என்கிற சாண் நீள ஒயரை இரண்டு முனைக்கு நடுவில் மாட்டுவார். அப்போது லிஃப்ட் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். கதவு திறந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. வேலை முடிந்ததும் ஜம்பரைக் கழற்றியாக வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதைத்தான். இதற்காகவே நிதானம், ஜம்பரை மாட்டினால் தன் வண்டிச் சாவியையும் அதன்மேல் தொங்க விட்டுவிடுவார். கழற்றாமல் வீட்டுக்குப் போக முடியாதல்லவா? அதையும் கிண்டலடித்தவர்தான் லிஃப்ட்காரர்.

சிவப்பு ஜம்பரை மாட்டிவிட்டு நாலாவது மாடிக்கு இறங்கினார். அங்கேதான் கோளாறு. தொடுப்பில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினார். லிஃப்ட் வராதபோது கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்கிற கொக்கியும் தேய்ந்திருந்தது, சரியாகக் கவ்வவில்லை. இதையும் மாற்றவேண்டும் என்று நினைத்தபோது போன் அடித்தது. கடைத்தெருக் கட்டடத்தில் லிஃப்ட் குலுங்குகிறதாம். வைத்தார். மறுபடி அடித்தது, எப்போது வருவீர்கள் என்று அதே ஆள். வைத்தார். மூன்றாவதாக ஒருவர், லிஃப்டில் மாட்டியிருக்கிற கண்ணாடியில் முகம் கோணலாகத் தெரிகிறது என்றார். அவரோடு பேசிக்கொண்டே மொட்டைமாடிக்கு ஏறி, பேசிக்கொண்டே விளக்கை அணைத்து, பேசிக்கொண்டே மிஷின் ரூமைப் பூட்டிவிட்டு இறங்கினார். லிஃப்ட் ஓடியது. வாட்ச்மேன் சலாம் வைத்தார்.

இரண்டரை மணிக்குத்தான் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தார். அன்று மனைவிக்கு விடுமுறை. சோறு, பருப்பு, வறுத்த உருளைக்கிழங்கு, ஆளுக்கொரு முட்டை. நிதானமும் முழங்கால்வரை சேற்றோடு வந்து, காலைக் கழுவிவிட்டு, மத்தியானத்து வேலைக்காகக் கருவிப் பையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் இடது கையில் போனைப் பிடித்து, கண்ணாடியில் முகம் கோணலாகத் தெரிந்தவருக்கே இரண்டாம் முறையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது கண்ணாடிக்காரரைத்தாங்க கேக்கணும்... சரிங்க... வந்து பாக்கறேங்க."

"அவர் மூஞ்சியே கோணலோ என்னவோ" என்றாள் மனைவி. "சோறு ஆறுது பாருங்க."

"வெச்சுட்டேன், வெச்சுட்டேன்."

நிதானம் பையிலிருந்து தலையைத் தூக்கினார். "மாப்ள, கறுப்பு ஜம்பர் இருக்கு. சிவப்பு எங்க?"

லிஃப்ட்காரர் வாயில் வைத்த கவளத்தை மென்றார். இரண்டு தரம் மென்றார். மூன்றாவது தரம் மெல்ல முடியவில்லை.

"அய்யய்யோ" என்றார், மெதுவாக.

மூன்று பேரில் ஆண்கள் இரண்டு பேருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மனைவிக்குத்தான், "என்ன? என்ன ஆச்சு?" என்று கேட்கவேண்டி வந்தது. அண்ணன், "கதவு தொறந்திருந்தாலும் லிஃப்ட் போகும். கொக்கி சரியா இருந்தா தப்பிச்சோம்" என்றார்.

"கொக்கி தேஞ்சிருக்கு" என்றார் லிஃப்ட்காரர்.

வாட்ச்மேனுக்குப் போன் போட்டு லிஃப்டை அணைக்கச் சொன்னால் போதும். போனை எடுத்தார். அப்போதுதான் அந்தக் கூத்து வெளிச்சத்துக்கு வந்தது. ஊர்ப்பட்ட ஜனங்களிடம் அவர் நம்பர் இருந்தது. அவரிடம் ஒருத்தர் நம்பரும் இல்லை. கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொன்னாரே தவிர, யாரையும் பேர் போட்டுச் சேமித்து வைத்ததில்லை. நேரம் எங்கே இருந்தது? அன்று காலையிலிருந்து வந்த அழைப்புகள் மட்டும் ஐம்பத்தெட்டு, எல்லாம் வெறும் எண்கள். உத்தேசமாக ஒன்றை அழுத்தினார். "ஆங், வந்துட்டிருக்கீங்களா?" என்றது கடைத்தெருக் கட்டடம். இன்னொன்றை அழுத்தினார். நாய் குரைத்தது.

"கெளம்புங்க" என்றாள் மனைவி. "அண்ணே, வண்டியை நீ ஓட்டு."

மழையில் பன்னிரண்டு நிமிஷம். நிதானம் வாழ்க்கையில் முதல்தரமாக வேகமாக வண்டி ஓட்டியது அன்றுதான். பின்னால் உட்கார்ந்திருந்தவர் சாமியையெல்லாம் கூப்பிடவில்லை. யாரும் அந்தக் கதவைத் திறந்திருக்கக் கூடாது, திறந்திருக்கக் கூடாது என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

மஞ்சள் கட்டட வாசலில் ஆளில்லை. மாடிப்படி ஏறினார்கள். நாலாவது மாடியில், லிஃப்ட் கதவுக்கு முன்னால் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயசுக்கு மேலிருக்கும். தபாலாபீஸில் முப்பது வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வு பெற்றவர், அதே மாடியில் தனியாக இருப்பவர். வாட்ச்மேன் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"நீங்கதானா அந்த எந்நேரமும்?" என்றார் அம்மாள்.

லிஃப்ட்காரருக்கு மூச்சு வாங்கியது. "யாருக்காவது... அம்மா, யாருக்காவது ஏதாவது..."

"துணிக்கூடைக்கு ஆச்சு."

நடந்தது இது. துவைக்கப் போட வேண்டிய துணியைக் கூடையில் அள்ளி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, முழங்கையால் கதவைப் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறார். திறந்தது. கதவு திறந்தால் லிஃப்ட் நிற்கிறது என்றுதானே அர்த்தம்? கூடை மறைத்ததால் தரையைப் பார்க்கவில்லை. ஒரு காலைத் தூக்கி வைக்கப் போனவருக்கு, அடியிலிருந்து காற்று குளுகுளுவென்று வந்திருக்கிறது. கூடையை விட்டுவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கூடை மூன்று மாடி உயரம் விழுந்து, கீழே நின்ற லிஃப்டின் உச்சியில் மோதிச் சிதறியது.

"வாட்ச்மேனைக் கூப்பிட்டு மெயினை அணைக்கச் சொன்னேன். சாவி எங்கன்னு தேடிட்டு இருந்தாரு. அதுவரைக்கும் கொழந்தைங்க யாராவது தொறந்துட்டா? அதான் உக்காந்துட்டேன்." அம்மாளின் குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் இவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அப்புறம் உங்களுக்குப் போன் போட்டேன். ஏழு தடவை. அஞ்சு தடவை 'வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்'. ரெண்டு தடவை அடிச்சு அடிச்சு நின்னுருச்சு. முப்பது வருஷம் தபால் பிரிச்சிருக்கேன் சார். வெலாசம் பிரமாதமா எழுதியிருக்கும், போய்ப் பாத்தா ஆள் இருக்க மாட்டாங்க. உங்க ஸ்டிக்கர் அந்த மாதிரிதான்."

தொடுப்பு மழையில் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கப்போவதில்லை.

"மேல ஒரு ஒயரைக் கழட்டாம விட்டுட்டேன்மா" என்றார் லிஃப்ட்காரர். "என் தப்பு. வேற யார் தப்பும் இல்ல. போன் பேசிட்டே பூட்டிட்டுப் போயிட்டேன்."

அம்மாள் நாற்காலியை விட்டு எழவில்லை. "ஞாயித்துக்கிழமை குடியிருக்கிறவங்க கூட்டம் இருக்கு. அங்க வந்து இதையே சொல்லுங்க. இப்ப என் துணியை எடுத்துக் குடுங்க."

ஜம்பரைக் கழற்றி, கொக்கியை மாற்றி, லிஃப்டின் உச்சிமேல் ஏறித் துணிகளைப் பொறுக்கினார்கள். ஒரு படுக்கை விரிப்பு, நாலு துண்டு, தலையணை உறைகள், எல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தன. துண்டை உதறி மடிக்கும்போது லிஃப்ட்காரருக்கு அழுகை வந்துவிட்டது. கூடை கிடந்த இடத்தில் அந்த அம்மாள் கிடந்திருப்பார் என்று அதையேதான் திரும்பத் திரும்ப நினைத்தார். நிதானம் டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

துவைத்துத் தர வீட்டுக்குக் கொண்டுவந்த துணிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டபடி மனைவி கேட்டாள். "இப்பவாவது அந்த ஸ்டிக்கரைக் கிழிப்பீங்களா?"

"கிழிச்சா நாய் கூடச் சீண்டாது. மொத வருசம் எப்படி இருந்துச்சுன்னு மறந்துட்டியா?"

"மறக்கல. போனை அடிக்கச் சொல்லி ஒக்காந்து கேட்டீங்களே, அதையும் மறக்கல. அப்ப உங்களுக்கு ரெண்டு லிஃப்ட். இப்ப நாப்பத்தி மூணு. ஆனா பயம் மட்டும் அதே ரெண்டு லிஃப்ட் பயம்."

"கூப்பிட்டா வரணும். அதான் நம்ம தொழில்."

"எதுக்குக் கூப்பிட்டா? ஆள் மாட்டிக்கிட்டா ஓடுங்க, நான் வேணாங்கல, சோத்துல கை வெச்சிருந்தாலும் ஓடுங்க. மூஞ்சி கோணலா இருக்குன்னாலும் ஓடுறீங்களே! அந்தக் கோணல் மூஞ்சிக்காரர் பேசிட்டு இருந்ததாலதான் அந்தம்மாவுக்கு லைன் கெடைக்கல. எல்லாருக்கும் எடுத்தீங்க, எடுக்க வேண்டியவங்களுக்கு எடுக்கல."

பேச்சில் யாரும் ஜெயிக்க முடியாதவர் அன்று தோற்றுத்தான் போனார்.

கூடத்து மூலையிலிருந்து நிதானம் கனைத்தார். "மாப்ள, போனை ஒரு ஆள் வெச்சுக்கலாம். கருவியை ஒரு ஆள் வெச்சுக்கலாம். போன் வெச்சிருக்கறவன் கருவியைத் தொடக்கூடாது. கருவி வெச்சிருக்கறவன் போனைத் தொடக்கூடாது." அவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. அன்று யாரும் கிண்டலடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததை அப்படியே சொன்னார். சலசலப்பு எழுந்தது. வேறு கம்பெனியைப் பார்க்கலாம் என்றார் ஒருவர். தபாலாபீஸ் அம்மாள் எழுந்து, "தப்பை ஒத்துக்கிட்டவர் இவர் ஒருத்தர்தான். வர்றவங்க ஒத்துக்குவாங்கன்னு யாருக்குத் தெரியும்? மூணு மாசம் பாப்போம். ஆனா, இனிமே எப்படி வேலை செய்யப்போறீங்கன்னு சொல்லுங்க" என்றார். லிஃப்ட்காரர் மச்சானின் சட்டத்தையே சொன்னார். இனி எந்நேரமும் வரமுடியாது என்று பத்துப் பேர் முன்னால் சொல்வது, உடுப்பில்லாமல் நிற்பதுபோல அவருக்கு இருந்தது.

அந்தக் கட்டடம் தங்கியது. வேறு ஒன்பது கட்டடங்கள் கை நழுவிப் போயின. ஒவ்வொன்று போகும்போதும் அந்த முதல் வருஷம் அவருக்கு ஞாபகம் வந்தது. மீதிக் கட்டடங்களுக்காகப் பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒருவரை மூன்றாவது ஆளாகச் சேர்த்தார்கள். புது போன், புது நம்பர். நிதானம் அதில் ஒவ்வொரு கட்டடத்தின் பேரையும் வாட்ச்மேன் நம்பரையும் இரண்டு நாள் உட்கார்ந்து ஏற்றினார்.

பழைய ஸ்டிக்கர்களை லிஃப்ட்காரர் தானே போய் உரித்தார். வெந்நீர்த் துணியை ஒற்றி, பிளேடால் கீறி, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். பாதிக்கு மேல் லிஃப்டுகளில் சிவப்பு மை வெளிச்சம் பட்டு முழுக்க வெளுத்துப் போயிருந்தது. அங்கெல்லாம் 'எந்நேரமும்' என்று யாரும் படித்துக் கூப்பிட்டிருக்க முடியாது. எடுக்கிற ஆள் இருக்கிறான் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். புது ஸ்டிக்கரில் எல்லாமே கறுப்பு: 'ஆள் மாட்டிக்கொண்டால் எந்நேரமும். மற்றவற்றுக்குக் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை.'

குடியிருப்பவர்கள் ஒரு வாரம் முறைத்தார்கள். கோணல் மூஞ்சிக்காரர் ஆறரை மணிக்குக் கூப்பிட்டு, "நாளைக்கு எட்டு மணிக்குப் பேசுறீங்களா, நான் எழுதி வெச்சுக்கறேன்" என்று நிதானம் சொன்னதைக் கேட்டு அசந்துபோனார். மறுநாள் அவர் கூப்பிடவில்லை. முகம் நேராகிவிட்டது போல.

லிஃப்ட்காரரின் முதல் முழு விடுமுறை ஒரு புதன்கிழமை வந்தது. போன் நிதானத்திடம், கருவி புது ஆளிடம். காலையில் ஆறு தரமாவது சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். காயாத செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். நன்றாகச் சாத்துகிற கதவுக்கு எண்ணெய் போட்டார். பத்து மணிக்கு வேலைக்குக் கிளம்பும் முன் மனைவி, "சாப்பிட்டுப் படுங்க. வீட்டைப் பிரிச்சுப் போட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் தனியாக உட்கார்ந்து, இடது கை சும்மா இருக்க, சூடாக்கிச் சாப்பிட்டார். உருளைக்கிழங்கில் மிளகு போட்டிருக்கிறாள் என்பது அன்றுதான் நாக்குக்குத் தெரிந்தது. கொஞ்சம் சாயலாம் என்று சாய்ந்தார்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. அடுக்களையில் பாத்திரச் சத்தம். வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"மணி என்ன? நீ எப்ப வந்த?"

"அஞ்சரை. இன்னிக்கு அரை நாள்தான். நாலு மணி நேரமா குறட்டை, தெருவே கேக்குது."

"யாராவது வந்தாங்களா? ஏதாவது...?"

"அண்ணன் வந்துட்டுப் போச்சு. மஞ்சக் கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுருச்சாம், கரெண்ட் போயி. உள்ள மூணு பேரு."

"ஐயோ! என்னை எழுப்பறதுக்கென்ன?"

"எதுக்கு? இருபது நிமிசத்துல எறக்கிட்டாங்க. உள்ள இருந்ததுல அந்தத் தபாலாபீஸ் அம்மாவும் ஒருத்தராம்."

லிஃப்ட்காரர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நானில்லாமலேயே முடிந்துவிட்டதா என்று ஒரு சுருக்கென்ற வலி வந்தது, அதை மறைப்பானேன். "என்ன சொன்னாங்க? கோவமா?"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு துணியால் கையைத் துடைத்தாள். "உள்ள இருந்தே போன் போட்டாங்களாம். மொத மணியிலயே அண்ணன் எடுத்துட்டாராம். அந்தம்மா பயந்து போயி, ராங் நம்பர்னு வெச்சுட்டாங்களாம். மறுபடி போட்டுத்தான் நம்பினாங்களாம்."

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்து, கண்ணில் வந்த தண்ணீரை முன்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடி படுத்து, "டீ ஆனதும் எழுப்பு" என்றார்.